மூளையைப் பார்த்து சிப் செய்யலாமா? – வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் மூளையைப் பின்பற்றும் சிப்கள் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் நிறைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்துதான். செட்டிக்கரையிலும் பர்கூரிலும் அரசு பொறியியல் கல்லூரிகள் இருப்பதும், ஓசூரைத் தாண்டினால் பெங்களூரு என்பதும் காரணமாக இருக்கலாம். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டதால் எல்லோருக்குமே ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

சார், இன்றைய கணினி ஒரு நொடியில் கோடானுகோடி கணக்குப் போடுகிறது. பதினேழாம் வாய்ப்பாட்டுக்கே தடுமாறுகிற மனித மூளையைப் பார்த்து எதற்காக சிப் செய்ய வேண்டும்?
– இசிஇ இறுதியாண்டு மாணவி, பர்கூர்

கணக்குப் போடுவதில் மூளை தோற்றுத்தான் போகும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இப்போது சிக்கல் கணக்கில் இல்லை, கணக்குக்கு வேண்டிய எண்களை எடுத்து வருவதில் இருக்கிறது. 1945ல் ஜான் வான் நாய்மன் எட்வாக் என்ற கணினிக்காக எழுதிய அறிக்கையில் சொன்ன அமைப்பைத்தான் அடிப்படையில் இன்றும் பின்பற்றுகிறோம். மெமரி ஒரு பக்கம், கணக்குப் போடும் பகுதி இன்னொரு பக்கம், நடுவே ஒரு வழி. எண் வருவதும் அந்த வழிதான், என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளை வருவதும் அதே வழிதான், விடை திரும்பிப் போவதும் அதே வழிதான். ஃபோர்ட்ரான் மொழியை உருவாக்கிய ஜான் பேக்கஸ், 1977ல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது வாங்கியபோது ஆற்றிய உரையில் இதற்கு வான் நாய்மன் பாட்டில்நெக் (பாட்டில் கழுத்து போன்ற குறுகல்) என்று பெயர் வைத்தே சாடினார்.

அன்றைக்கு அது வேகத்தைப் பற்றிய புகார். இன்றைக்கு மின்சாரத்தைப் பற்றியதும்கூட. ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் மார்க் ஹோரோவிட்ஸ் 2014ல் ஒரு மாநாட்டில் காட்டிய அட்டவணையை இந்தத் துறையில் மேற்கோள் காட்டாதவர்கள் குறைவு. 45 நானோமீட்டர் சிப்பில் 32 பிட் தசம எண்கள் இரண்டைப் பெருக்க ஏறக்குறைய 4 பைக்கோஜூல் (ஒரு ஜூலில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பைக்கோஜூல்) ஆகிறது, அதற்கான எண்ணை டிராம் என்ற முதன்மை மெமரியிலிருந்து கொண்டுவர 1,300 முதல் 2,600 பைக்கோஜூல் வரை ஆகிறது. மாங்காயைக் கூழாக்க ஆகும் செலவைப் போல முந்நூறு மடங்கு லாரி வாடகைக்கே போனால் கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் ஆலையாவது பிழைக்குமா? ஆலையைத் தோட்டத்துக்குள்ளேயே வைக்கத்தான் பார்ப்போம். மூளை செய்திருப்பது அதைத்தான். இரண்டு நியூரான்கள் (நரம்புச் செல்கள்) சேரும் இடத்தில் இருக்கும் சினாப்ஸ் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பதே அங்கே நினைவு, சிக்னல் கூடுவதும் குறைவதும் அதே இடத்தில். எடுத்து வர வேண்டிய வேலையே இல்லை.

இதெல்லாம் ஏன் இவ்வளவு காலம் உறைக்கவில்லை என்றால், டிரான்சிஸ்டரைச் சிறிதாக்க ஆக்க அதன் மின்செலவும் கூடவே குறைந்துகொண்டு வந்தது. 1974ல் ராபர்ட் டென்னார்ட் குழு எழுதிவைத்த அந்தக் கணக்கு 2005 வாக்கில் நின்றுபோயிற்று. அதற்குப் பிறகு வேகத்தைக் கூட்டினால் சிப் சூடாகிறது. சும்மா கிடைத்துக்கொண்டிருந்த லாபம் நின்றதும்தான் கட்டமைப்பை மாற்றிப் பார்க்கலாமா என்ற யோசனைக்கு மதிப்பு வந்தது. ஆக, இந்த ஆராய்ச்சியில் மூளையைப் பற்றிய ஆச்சரியம் கொஞ்சம், மின்சாரக் கணக்குதான் அதிகம். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடலாம்.

மூளை வெறும் 20 வாட்டில் ஓடுகிறது என்பது உண்மையா? அதிலும் பத்து சதவீதம்தான் பயன்படுத்துகிறோமாமே!
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தருமபுரி

20 வாட் உண்மை ஐயா. பத்து சதவீதம் கட்டுக்கதை, யாராவது மேடையில் சொன்னால் நம்ப வேண்டாம். உடல் எடையில் 2 சதவீதம் மட்டுமே இருக்கும் மூளை உடலின் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. தொண்ணூறு சதவீதத்தைச் சும்மா வைத்துக்கொண்டு இவ்வளவு சோறு போட்டு வளர்க்க எந்த உயிரினத்துக்கும் கட்டுப்படியாகாது.

நியூரான்களின் எண்ணிக்கை 10,000 கோடி என்று பழைய பாடப் புத்தகங்களில் இருக்கும். பிரேசில் நாட்டு விஞ்ஞானி சுசானா ஹெர்குலானோ-ஹவுசெல் குழு 2009ல் எண்ணிச் சொன்னது சுமார் 8,600 கோடி. இத்தனை இருந்தும் 20 வாட்டில் முடிகிறது என்றால், எந்த நொடியிலும் பெரும்பாலானவை பேசாமல் இருக்கின்றன. சொல்ல விஷயம் இருந்தால்தான் ஒரு நியூரான் ஸ்பைக் என்கிற சின்ன மின்துடிப்பை அனுப்பும். பத்து சதவீதக் கதைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆளை மாற்றி ஆள் எல்லாமே வேலை செய்கின்றன, ஒரே சமயத்தில் இல்லை, அவ்வளவுதான். கணினியில் அப்படி இல்லை, விஷயம் இருக்கிறதோ இல்லையோ கடிகாரத் துடிப்பு ஒரு நொடிக்குப் பல நூறு கோடி முறை அடித்துக்கொண்டே இருக்கும். இன்றைய ஏஐ மையங்களில் ஓடும் என்விடியா எச்100 வகை ஜிபியு (ஒரே சமயத்தில் ஏராளமான கணக்குகளைப் போடும் சிப்) ஒன்றே 700 வாட் வரை இழுக்கிறது.

சாட்ஜிபிடி ஓடுவது இந்த மூளை சிப்பில்தானே?
– கடை உரிமையாளர், காரிமங்கலம்

இல்லை. ஜிபியுவில். அதற்குள் இருக்கும் நியூரல் நெட்வொர்க், 1943ல் மெக்கல்லக்கும் பிட்ஸும் எழுதிய எளிய கணித நியூரானின் பேரப்பிள்ளை. ஸ்பைக் எல்லாம் கிடையாது, பெரிய பெரிய எண் அணிகளைப் பெருக்குவதுதான் முழு வேலையும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கூகுள் 2015 முதல் தன் மையங்களில் ஓட்டும் டிபியு சிப்பின் நடுவில் இருப்பது சிஸ்டாலிக் அரே என்ற அமைப்பு. 1978ல் எச். டி. குங்கும் சார்லஸ் லெய்சர்சனும் எழுதிய யோசனை. மெமரியிலிருந்து ஒரு முறை எடுத்த எண்ணைத் திருப்பி அனுப்பாமல், வரிசையாக நிற்கும் கணக்கு அலகுகள் வழியே தாளம் தவறாமல் தள்ளிக்கொண்டே போவது. அவர்கள் மனதில் வைத்திருந்தது மூளையை அல்ல, இரத்தத்தை அழுத்தித் தள்ளும் இதயத்தை. சந்தையில் இதுவரை ஜெயித்தது மூளையைப் பார்த்துச் செய்ததைவிட இதயத்தைப் பார்த்துச் செய்ததுதான்! இரண்டும் அடித்துக்கொள்வது ஒரே பிரச்சினைக்காக என்பதைக் கவனியுங்கள், எண்ணை அலைக்கழிக்காமல் இருக்க வேண்டும்.

இந்தத் துறையை யார் தொடங்கியது? சிப் ஏதாவது நிஜமாகவே வந்திருக்கிறதா, இல்லை எல்லாம் காகிதத்தில்தானா?
– தொழிற்சாலை ஊழியர், ஓசூர்

வந்திருக்கிறது. தொடங்கியவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்வர் மீட். 1980களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஃபெய்ன்மன், ஜான் ஹாப்ஃபீல்டு இருவரோடு சேர்ந்து பாடம் நடத்தியவர் (அந்த ஹாப்ஃபீல்டுக்குத்தான் 2024ல் இயற்பியல் நோபல்). டிரான்சிஸ்டரை முழுதாகத் திறந்து மூடாமல், லேசாகக் கசியும் நிலையில் ஓட்டினால் அதன் மின்னோட்டம் நரம்புச் செல் சவ்வின் மின்னோட்டத்தைப் போலவே நடந்துகொள்கிறது என்பது மீட் பிடித்துக்கொண்ட நுனி. அவருடைய மாணவி மிஷா மஹோவால்டு, உயிரியல் படித்துவிட்டு வந்தவர், விழித்திரை செய்யும் வேலையைச் செய்யும் சிலிக்கான் சிப் ஒன்றை உருவாக்கினார். துறையில் நான் மிகவும் மதிக்கும் வேலை அதுதான். ஒரு முழு மூளையை நகலெடுக்கிறேன் என்று கிளம்பாமல், கண் என்ற ஒரு உறுப்பை எடுத்துக்கொண்டு அது ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்டார்கள்.

அப்புறம் பெரிய நிறுவனங்கள் வந்தன. ஐபிஎம் 2014ல் வெளியிட்ட ட்ரூநார்த், 540 கோடி டிரான்சிஸ்டர்களில் 10 லட்சம் நியூரான், 25.6 கோடி சினாப்ஸ், ஓடும்போது சுமார் 70 மில்லிவாட். அதை நடத்திய தர்மேந்திர மோதா நம் நாட்டு மும்பை ஐஐடியில் படித்துப் போனவர். இன்டெல் 2017ல் லோய்ஹி, 2021ல் லோய்ஹி 2 கொண்டுவந்தது. 2024ல் 1,152 லோய்ஹி 2 சிப்களை ஒன்றாகக் கட்டி ஹாலா பாயின்ட் என்று அமெரிக்காவின் சாண்டியா ஆய்வகத்தில் வைத்தார்கள், 115 கோடி நியூரான், அதிகபட்சம் 2,600 வாட். மான்செஸ்டரில் ஸ்பின்னேக்கர் இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் செல்போனுக்குள் ஆர்ம் வகை ப்ராசஸர் இருக்கிறதல்லவா, அதன் முதல் சிப்பை 1985ல் சோஃபி வில்சனோடு சேர்ந்து வடிவமைத்த ஸ்டீவ் ஃபர்பர், பிற்காலத்தில் 10 லட்சம் ஆர்ம் கோர்களைச் சேர்த்து 2018ல் ஓட்டிக்காட்டிய இயந்திரம் அது.

எண்களைப் பார்த்து மயங்கிவிட வேண்டாம். ஹாலா பாயின்ட்டை மனித மூளை அளவுக்குப் பெருக்கிப் பாருங்கள், 8,600 கோடிக்கு 75 மடங்கு வேண்டும், மின்சாரம் 2 லட்சம் வாட்டை நெருங்கும். மூளைக்கு 20. அதுவும் சிப்பில் இருக்கும் நியூரான் நிஜ நியூரானின் கோட்டோவியம்தான். இன்னொரு பெரிய தடை மென்பொருள். இன்றைய ஏஐ கற்றுக்கொள்வது பிழையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னோக்கிப் பகிர்ந்து எண்களைத் திருத்தும் முறையில், எவ்வளவு திருத்துவது என்பதைச் சரிவை (ஸ்லோப்) வைத்துக் கால்குலஸ் சொல்லும். ஸ்பைக் என்பது உண்டு அல்லது இல்லை, நடுவில் சரிவு கிடையாது, அதனால் அந்தக் கால்குலஸ் அங்கே அப்படியே ஓடாது. சரிவு இருப்பதாகப் பாவித்துக்கொண்டு கணக்கை நடத்துகிறார்கள், ஓரளவு வேலையும் செய்கிறது. ஆனால் ஒரு கம்பெனி தன் ஜிபியுவைத் தூக்கிப் போட்டுவிட்டு இதற்கு மாற அது போதாது.

ஹ்யூமன் ப்ரெயின் ப்ராஜெக்ட் என்று ஐரோப்பாவில் கோடிக்கணக்கில் செலவு செய்தார்களே, மூளையைக் கணினியில் உருவாக்கிவிட்டார்களா?
– வாசகர், ஊத்தங்கரை

இல்லை. 2013ல் தொடங்கி 2023ல் முடிந்தது, செலவு 60 கோடி யூரோவுக்கு மேல். ஆரம்பத்தில் கொடுத்த வாக்குறுதி பெரிது, 2014லேயே நூற்றுக்கணக்கான நரம்பியல் விஞ்ஞானிகள் பகிரங்கக் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். உருப்படியாக மிஞ்சியது தரவுத் தளங்களும், மேலே சொன்ன ஸ்பின்னேக்கர், ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தின் பிரெயின்ஸ்கேல்ஸ் போன்ற இயந்திரங்களும். 302 நியூரான் மட்டுமே உள்ள ஒரு சின்னப் புழுவின் இணைப்பு வரைபடம் 1986லேயே வந்துவிட்டது, அது நெளிவதை முழுதாகக் கணினியில் கொண்டுவர இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். 2024ல் பழ ஈயின் மூளை வரைபடம் முழுமையாக வந்தது, 1,39,255 நியூரான்கள். வரைபடம் கையில் இருப்பதும் மூளை கையில் இருப்பதும் ஒன்றல்ல.

பனிக்காலத்தில் எங்கள் ராகிக் காட்டில் யானை இறங்குகிறது. ராத்திரி முழுக்க மரத்தில் பரண் கட்டிக் காவல் இருக்கிறோம். மூளை மாதிரி வேலை செய்யும் கேமரா இருப்பதாக எழுதியிருந்தீர்கள், அது எங்களுக்கு உதவுமா?
– விவசாயி, தேன்கனிக்கோட்டை

நேராகச் சொல்லிவிடுகிறேன் ஐயா, இந்த வருஷ அறுவடைக்கு உதவாது. ஆனால் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இந்த ஆராய்ச்சிக்கு நியாயமான வேலை உங்கள் காட்டு ஓரத்தில்தான் இருக்கிறது, சாட்ஜிபிடியில் இல்லை.

நான் குறிப்பிட்டது ஈவென்ட் கேமரா. மீட்டின் மாணவர்களில் ஒருவரான டோபி டெல்ப்ரூக்கும் அவருடைய சூரிச் சகாக்களும் 2008ல் வெளியிட்ட வடிவம் புகழ்பெற்றது. சாதாரண கேமரா நொடிக்கு முப்பது முறை முழுப் படம் எடுக்கும், ஒன்றுமே நடக்காவிட்டாலும். இதில் ஒவ்வொரு பிக்சலும் தன் மேல் விழும் வெளிச்சம் மாறினால் மட்டும் "மாறிற்று" என்று சொல்லும், மாறாவிட்டால் மௌனம். காட்டு ஓரத்தில் சோலார் தகடும் பேட்டரியும் வைத்து ஓட்டும் கருவிக்கு இந்தக் குணம்தான் வேண்டும். வருஷத்தில் முக்கால்வாசி இரவுகளில் யானை வரப்போவதில்லை, அந்த இரவுகளில் கருவி கிட்டத்தட்ட எதுவுமே செலவழிக்கக் கூடாது, வரும் இரவில் தூங்கிவிடவும் கூடாது.

ஆனால் காற்றடித்தால் ராகிக் கதிர் முழுக்க அசையும், அதுவும் பிக்சலுக்கு மாற்றம்தான். அமாவாசை இருட்டில் வெளிச்சமே இல்லாதபோது எந்த மாற்றத்தைப் பார்ப்பது? இரவில் உடல் வெப்பத்தைப் பார்க்கும் தெர்மல் கேமராதான் கை கொடுக்கும். கோவை மதுக்கரையில் ரயில் பாதையில் யானை அடிபடாமல் இருக்க 2024 பிப்ரவரியில் வனத்துறை தொடங்கிய ஏற்பாட்டில் தெர்மல் கேமராவும் சாதாரண ஏஐயும்தான் இருக்கின்றன. காலடி அதிர்வை மண்ணில் புதைத்த உணரியால் பிடிக்கும் ஆராய்ச்சிகளும் உண்டு. அந்த அதிர்வு சிக்னலைப் படிக்கும் சின்ன ஸ்பைக்கிங் சிப் ஒன்று மில்லிவாட் கணக்கில் ஓடினால் அது உங்கள் ஊருக்கு நேரடியாகப் பயன்படும். பேட்டரியை யார் மாற்றுவது, காட்டுக்குள் டவர் இல்லாத இடத்தில் எச்சரிக்கை எப்படி ஊருக்கு வந்து சேரும் என்பதெல்லாம் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் முதல் பக்கத்தில் வராது, கருவி நிலைப்பதும் மூலையில் கிடப்பதும் அதை வைத்துத்தான். செட்டிக்கரை, பர்கூர் மாணவர்கள் யாராவது இதை ப்ராஜெக்டாக எடுப்பார்களா? முதலில் அந்தப் பரணில் போய் ஓர் இரவு உட்கார்ந்துவிட்டு வந்து எழுத வேண்டும்.

மெம்ரிஸ்டர் என்பது என்ன? பெங்களூரில் பெரிய சாதனை என்று படித்தேன்.
– பிளஸ் டூ மாணவன், பாலக்கோடு

தன் வழியாக முன்பு எவ்வளவு மின்சாரம் போனது என்பதைப் பொறுத்து மின்தடை மாறி, இணைப்பைத் துண்டித்தாலும் அதே தடையிலேயே நிற்கும் சாதனம். 1971ல் லியோன் சுவா கணிதத்தில் இப்படி ஒன்று இருந்தாக வேண்டும் என்றார், 2008ல் எச்பி ஆய்வகம் கையில் எடுத்துக் காட்டியது.

தம்பி, உன் இயற்பியல் புத்தகத்தில் இருப்பதை வைத்தே இதன் அழகைச் சொல்லிவிடலாம். ஓமின் விதிப்படி மின்னழுத்தத்தைக் கடத்துதிறனால் பெருக்கினால் மின்னோட்டம். ஆக ஒரு எண்ணைக் கடத்துதிறனாகச் சேமித்து, இன்னொன்றை மின்னழுத்தமாகக் கொடுத்தால் பெருக்கல் தானாக நடந்துவிடுகிறது. அப்படிப் பல சாதனங்களின் மின்னோட்டம் ஒரே கம்பியில் சேர்ந்தால் கிர்ச்சாஃப் விதிப்படி கூட்டலும் முடிந்தது. எண் எங்கே இருக்கிறதோ அங்கேயே கணக்கு. நாளாக ஆகச் சேமித்த மதிப்பு நழுவுவது, ஒரு சாதனம் இன்னொன்றைப் போல இல்லாதது, கடைசியில் விடையை டிஜிட்டலாக மாற்றும் சுற்று மின்சாரத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடுவது என்று தொல்லைகள் நிறைய. நீ படித்தது பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் (ஐஐஎஸ்சி) ஸ்ரீதோஷ் கோஸ்வாமி குழு 2024 செப்டம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்டதாக இருக்கும். ஒரு மூலக்கூறுப் படலத்தில் 16,520 வெவ்வேறு நிலைகளைச் சேமித்துக் காட்டினார்கள். வழக்கமான மெமரி பிட்டில் இரண்டே நிலைதான், பூஜ்யம், ஒன்று. நல்ல வேலை, கடையில் கிடைக்கும் சிப் ஆவதற்குத் தூரம் இருக்கிறது.

கணினிக் கட்டமைப்பில் பிஎச்டி செய்ய ஆசை. மூளை சார்ந்ததில் போகலாமா? பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். வீட்டில் ஓசூர் பக்கம் வேலைக்குப் போகச் சொல்கிறார்கள்.
– மூன்றாம் ஆண்டு மாணவர், செட்டிக்கரை

போகலாம், ஆனால் மூளையிலிருந்து தொடங்காதீர்கள். மெமரியிலிருந்து தொடங்குங்கள். கேஷ் (ப்ராசஸருக்குப் பக்கத்திலேயே இருக்கும் சின்ன மெமரி) எப்படி வேலை செய்கிறது, பைப்லைன் (கட்டளைகள் படிப்படியாக நகரும் வரிசை) எங்கே நிற்கிறது, ஒரு ப்ரோக்ராமின் நேரம் எதில் கரைகிறது என்பதை அளந்து பார்க்கத் தெரிந்தவர் பிறகு ஸ்பைக்கிங் சிப் பக்கம் போனால் எது புது யோசனை, எது பெயர் மாற்றிய பழைய யோசனை என்று பிரித்துவிடுவார். மூளை என்று தலைப்பில் போட்டால் கவனம் கிடைக்கும் என்பதற்காகவே எழுதப்பட்ட கட்டுரைகள் நிறைய இருக்கின்றன, அவற்றில் ஒப்பீட்டுக்கு எந்த ஜிபியுவை, எந்த வருஷத்து ஜிபியுவை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். ஹென்னெஸியும் பேட்டர்சனும் எழுதிய பாடநூல் உங்கள் கல்லூரி நூலகத்திலேயே இருக்க வேண்டும் (2017ஆம் ஆண்டு டூரிங் விருது இருவருக்கும்தான்), கூடவே ஐஐடி பேராசிரியர்கள் பாடம் நடத்தும் என்பிடெல் வீடியோக்கள் இலவசம். 2010ல் பெர்க்லியில் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற ப்ராசஸர் கட்டளைத் தொகுப்பை யாருக்கும் உரிமம் கட்டாமல் பயன்படுத்தலாம், அதை வைத்துத்தான் சென்னை ஐஐடி சக்தி ப்ராசஸரைச் செய்தது.

இந்தத் துறையின் தினசரி வேலை எப்படி இருக்கும் என்று யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன். ஒரு யோசனை வரும். உடனே சிப் செய்ய முடியாது, அதனால் ஜெம்5 போன்ற சிமுலேட்டரில் அதை எழுதுவீர்கள். ஒரு நொடி ஓடும் ப்ரோக்ராம் அதில் மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஓடும். முடிவில் 3 சதவீத முன்னேற்றம் வரும், அது உண்மையா பிழையா என்று பார்க்க இன்னும் ஒரு வாரம். பிறகு இஸ்கா, மைக்ரோ, எச்பிசிஏ, ஆஸ்ப்ளோஸ் என்ற நான்கு மாநாடுகளில் ஒன்றுக்கு அனுப்புவீர்கள், ஐந்தில் நான்கு திரும்பி வரும். இந்தத் துறையில் பத்திரிகையைவிட மாநாட்டுக்குத்தான் மதிப்பு. இதைப் படித்தும் ஆசை குறையவில்லை என்றால் நீங்கள் தாராளமாக வரலாம்.

தமிழ் மீடியம் ஒரு தடையே இல்லை, ஆனால் கட்டுரை எழுதுவது ஆங்கிலத்தில்தான், வாரம் ஒரு பக்கம் எழுதி யாரிடமாவது திருத்தச் சொல்லுங்கள், பிஎச்டி சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கஷ்டம். வீட்டில் பேசுவதற்குப் பணக் கணக்கு கையில் இருக்கட்டும். கேட் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணில் எம்.டெக் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. பிஎச்டிக்கு ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000, இரண்டு வருஷம் கழித்து 42,000, வீட்டு வாடகைப்படி தனி. கல்லூரி முடித்ததும் இங்கே கிடைக்கும் பல வேலைகளின் முதல் சம்பளத்தோடு இதை வைத்து அப்பாவிடம் காட்டுங்கள். ஐஐஎஸ்சி ஒன்றும் கடல் தாண்டி இல்லை, தருமபுரியில் காலை ரயில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குள் பெங்களூரு. மெம்ரிஸ்டர் வேலையும், 2022ல் வந்த ஆர்யபட் என்ற அனலாக் ஏஐ சிப்பின் முன்மாதிரியும் அங்கேதான் நடந்தன. திறந்த நாள் வைப்பார்கள், போய்ப் பாருங்கள். ஆய்வு மாணவர்களிடம் பேசுங்கள், பேராசிரியரிடம் பேசுவதைவிட அது உபயோகம்.

இதையெல்லாம் செய்து பார்க்க ஒரு லட்ச ரூபாய் லேப்டாப் வேண்டும் என்கிறார்கள். வாங்கலாமா அண்ணா?
– மாணவி, பென்னாகரம்

வேண்டாம்மா. 8 ஜிபி மெமரி உள்ள பழைய லேப்டாப் போதும், லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். பிரையன் என்ற சிமுலேட்டர் இலவசம், பைத்தானில் எழுதலாம், சில ஆயிரம் நியூரான்களைச் சிரமமில்லாமல் ஓட்டும். முதலில் ஒரே ஒரு நியூரான், உள்ளே வரும் மின்னோட்டத்தைக் கூட்டிக்கொண்டே போய் எந்த அளவில் ஸ்பைக் வரத் தொடங்குகிறது என்று ஒரு வரைபடம். அப்புறம் இரண்டை இணையுங்கள். காசு மிஞ்சினால் ஒரு சின்ன எஃப்பிஜிஏ போர்டு (உள்ளே இருக்கும் சுற்றை நாமே மாற்றியமைக்கக்கூடிய சிப்) வாங்கி அதே நியூரானை வெரிலாக் என்ற சுற்று வடிவமைப்பு மொழியில் எழுதிப் பாருங்கள், சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கிறது.